இன்னொரு சொட்டு

மனித குலத்தில் ஒரு பிரிவினர் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணெதிரே எதுவும் நிற்கக் கூடாது. லிஃப்ட் பொத்தானை நாம் அமுக்கி, அதில் விளக்கும் எரிந்துகொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து நம் தோளுக்கு மேல் கையை நீட்டி அதே பொத்தானை இன்னொரு முறை அமுக்குவார்களே, அவர்கள்தான். சிவப்பு விளக்கைப் பார்த்து ஹாரன் அடிப்பவர்கள், பால் காயும்வரை பொறுக்காமல் தீயைக் கூட்டிவிட்டுப் பிறகு அடுப்பைத் துடைப்பவர்கள், அசந்து தூங்கும் மைத்துனரைத் தட்டி எழுப்பி "என்ன மச்சான், தூங்கறீங்களா?" என்று அன்போடு விசாரிப்பவர்கள், எதிராளி "சரி, வச்சிடறேன்" என்று மூன்றாம் முறையாகச் சொன்ன பிறகு போனில் "அப்புறம்?" என்பவர்கள். அப்புறம் என்ன அப்புறம்? ஒன்றுமில்லை. பேச்சு நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இவர்களை முடுக்கர் என்று வைத்துக்கொள்வோம். முடுக்கர் கெட்டவர் அல்ல. சொல்லப்போனால் தங்கமான மனுஷர். நின்றுபோன எதைப் பார்த்தாலும் அவருக்கு மனசு கேட்காது. பாவம், அதற்கு என்னமோ ஆகிவிட்டது, நாம்தான் ஏதாவது செய்ய வேண்டும் என்று கை பரபரக்கும். அந்தப் பரபரப்பில் அவர் செய்கிற ஏதாவதைத்தான் நாம் பிறகு ஆள் வைத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

முடுக்கர் எல்லாத் தொழிலிலும் உண்டு. பெரும்பாலும் அதனால் உலகத்துக்குப் பெரிய சேதமில்லை. ஆனால் இவர்களில் பழுத்த ஒருவரைக் கூட்டிக்கொண்டுபோய், எது நிற்கிறது என்று பார்ப்பதே வேலையாக இருக்கும் இடத்தில், அதுவும் தலைவர் நாற்காலியில், உட்கார வைத்தால் என்ன ஆகும்? யாராவது அப்படிச் செய்வார்களா என்று கேட்காதீர்கள். செய்தார்கள்.

அவர் ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். இரண்டாவது மாடியில், படிக்கட்டை ஒட்டினாற்போல் அவருடைய லேப். அங்கே அவர் வளர்த்துவந்தவை சின்னச் சின்ன உருண்டைகள். சின்ன என்றால் கடுகைச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் கடுகு ஒரு மலை. மைக்ராஸ்கோப் இல்லாமல் கண்ணுக்கே அகப்படாது. அந்த உருண்டையின் ஒரு பாதியில் மட்டும் ஒரு நொதியைப் பூசியிருப்பார்கள். நம் உடம்புக்குள் சத்தமில்லாமல் வேலை பார்க்கிற அதே நொதிதான். உருண்டையைத் தண்ணீரில் விட்டு ஒரு சொட்டு பெராக்சைடு ஊற்றினால், நொதி அதைப் பிடித்து உடைக்கும், பின்பக்கம் குமிழ் குமிழாகக் காற்று கிளம்பும், உருண்டை முன்பக்கம் பாயும். மோட்டார் கிடையாது, ஒயர் கிடையாது, பின்னால் நின்று தள்ள ஆள் கிடையாது. தானே ஓடும்.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்கிறீர்களா? அந்தத் தண்ணீரில் உடம்புக்கு ஆகாதது ஏதாவது கலந்திருந்தால், நம் உடம்புக்கு முன்னால் அந்த நொதிக்குத் தெரிந்துவிடும். அது வாடும். உருண்டை தள்ளாடும், தயங்கும், நின்றுவிடும். ஓடினால் நல்ல தண்ணீர். நின்றால் வாயில் வைக்காதே. வாரக்கணக்கில் காத்திருந்து வாங்கும் பரிசோதனை முடிவை, ஒரு டீ குடிக்கும் நேரத்தில் அந்தத் தம்மாத்தூண்டு உருண்டை சொல்லிவிடும். அதாவது, யாரும் கையை வைக்காமல் இருந்தால் சொல்லிவிடும்.

லேப்பில் எல்லோரும் அவரை டிரைவர் சார் என்பார்கள். அதை அவர் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார். மைக்ராஸ்கோப்பில் தெரிவதைச் சுவரில் ஒரு பெரிய டிவியில் ஓடவிட்டு, அதன் முன்னால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "போடா போடா போடா! அடிச்சான் பாரு திருப்பம்!" என்று தொடையைத் தட்டுவார். மின்சார மீட்டர் பார்க்க வந்தவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டுவார். சொந்தக்காரர் கல்யாணத்தில் மணமக்களுக்குக் கைகொடுக்கும் வரிசையிலேயே போனை எடுத்து மாப்பிள்ளையிடம் காட்டியிருக்கிறார். "தானா ஓடுது மாப்பிள்ளை! தானா!" மாப்பிள்ளை வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப சந்தோஷம் என்று சொல்லியிருக்கிறார்.

அவருக்கு ஓர் ஆராய்ச்சி மாணவி. டிரைவருக்குத் துணையாக ஒரு கண்டக்டர் வேண்டாமா? அவரே அன்பாக அவளுக்கு வைத்த பெயர் அது. உருண்டைகளை ஓடவிடுவது அவர் வேலை; எது, எந்தத் தண்ணீரில், எவ்வளவு நேரத்தில் நின்றது என்று பார்ப்பது அவள் வேலை. அதை வைத்துத்தான் அவளுடைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் எழுதப்பட வேண்டும். கண்டக்டர் விசில் கொடுத்தால் வண்டி நிற்க வேண்டும் அல்லவா? இங்கேதான் சிக்கல்.

அவள் ஒரு கிண்ணத்தில் நல்ல தண்ணீரும், இன்னொன்றில் பூச்சிமருந்து கலந்த தண்ணீருமாக வைத்து உருண்டைகளை விடுவாள். கலப்படத் தண்ணீரில் உருண்டை தள்ளாடும். அவளுக்கு உள்ளே ஜிவ்வென்று இருக்கும். நேரத்தைக் குறிக்கத் திரும்புவாள். அவள் திரும்பிய அந்தக் கொஞ்ச நேரத்தில் டிரைவர் சார் எட்டிப் பார்ப்பார்.

"அடப்பாவமே, பசி போல இருக்கு" என்பார்.

ஒரு சொட்டு விடுவார். அரை உயிராகக் கிடந்த நொதிக்குக் கண்டபடி பெராக்சைடு கிடைத்ததும் அது எழுந்து உட்காரும்; உருண்டை கிளம்பிவிடும். அவள் திரும்பிப் பார்க்கும்போது விஷத் தண்ணீரில் அது குதியாட்டம் போட்டுக்கொண்டிருக்கும்.

பாவம் அந்தப் பெண், முதலில் பூச்சிமருந்தைச் சந்தேகப்பட்டாள். பிறகு உருண்டையை, பிறகு ஏசியை, பிறகு தன் கண்ணை. கண் டாக்டரிடம்கூடப் போய்வந்தாள். கண்ணில் ஒன்றுமில்லை என்று அவர் சொன்னதும் இன்னும் பயந்தாள். வாரக்கணக்கில் இப்படியே தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தவள், ஒரு நாள் டிவி அணைந்திருந்தபோது, அதன் கறுப்புத் திரையில் தன் முதுகுக்குப் பின்னால் ஒரு கை மெதுவாக நீளுவதைப் பார்த்துவிட்டாள்.

"சார்!"

"என்னம்மா? நான் ஒண்ணும் பண்ணலியே. ஒரே ஒரு சொட்டு."

"சார், அது நிக்கணும் சார். நின்னாதான் தண்ணி சரியில்லன்னு நம்மால சொல்ல முடியும்."

"நிக்கறதைக் காட்டறதுக்கா நான் இத்தனை வருஷமா ஓட வச்சேன்? எந்தக் கல்லு வேணாலும் நிக்குமேம்மா!"

"நிக்காத பஸ்ஸுல யார் சார் ஏறுவாங்க?"

"ஏறினவங்க எறங்க மாட்டாங்க இல்ல!" என்றார் டிரைவர் சார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் ராத்திரி படுக்கும்போது அவருக்கு மனசு கனத்தது உண்மை. அவள் சொல்வது அவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததை அவரே வகுப்பில் கரும்பலகை நிறைய எழுதி, கை தட்டலும் வாங்கியிருக்கிறார். புத்திக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியாது.

இந்த நேரம் பார்த்து, குடிநீர் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அவர் நான்கு பாட்டில் தண்ணீர் கொண்டுவருவார். எதில் என்ன என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். சரியாகச் சொல்லிவிட்டால், ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் நிலையத்திலேயே இந்த உருண்டைகளை வைத்துப் பார்ப்பார்கள். மாணவிக்குக் கடைசி அத்தியாயம் கிடைக்கும். தப்பாகச் சொன்னால்? துறைத் தலைவருக்கு அந்த அறையின் மேல் வெகுநாளாக ஒரு கண். உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்க அவருக்கு இடம் போதவில்லை.

"அன்னிக்கு மைக்ராஸ்கோப்புல யார் உக்கார்றது சார்?" என்று அவள் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

"இது என்ன கேள்வி? ஸ்டியரிங் என் கையிலதான்" என்றார்.

அவள் நேராகப் போய் அவர் மனைவிக்குப் போன் போட்டாள். மனைவி பல் டாக்டர். ஆட்டம் காட்டுகிற மனிதர்களை நாற்காலியில் அசையாமல் உட்கார வைத்துத் தொழில் செய்பவர். கதையை முழுக்கக் கேட்டுக்கொண்டார். ஆச்சரியப்படவே இல்லை.

"கையைக் கட்டிப் போட முடியாதும்மா. நான் அந்த வித்தையெல்லாம் எப்பவோ பண்ணிப் பாத்துட்டேன்."

"அப்ப என்னதான் பண்றது அக்கா?"

"கையில ஏதாவது குடுத்துடு. சும்மா இருக்கற கைதான் வம்பு. எங்க வீட்டு டிவி நெட்டுல ஓடறது. அப்பப்போ நடுவுல வட்டம் சுத்தும் பாரு, அப்ப இவரு ரிமோட்டை எடுத்து அமுக்கு அமுக்குன்னு அமுக்கி, படத்தை மொதல்லேருந்து ஓட விட்டுடுவாரு. அப்பல்லாம் ஒரு படத்தோட முடிவைக்கூட நாங்க பாத்ததில்ல."

"அய்யய்யோ. அப்புறம்?"

"அப்புறம் என்ன, அவருக்குன்னு தனியா ஒரு ரிமோட் குடுத்துட்டேன். பேட்டரி இல்லாதது. வருஷக்கணக்கா அமுக்கிட்டிருக்காரு. வட்டம் தானா நின்னு படம் தானா ஓடும். 'பாத்தியா, நான் அமுக்கினேன், வந்துடுச்சு'ம்பாரு. ஆமாங்கம்பேன். குடும்பம் நல்லா போயிட்டிருக்கு."

"பெராக்சைடுக்கும் தண்ணிக்கும் பாக்கறதுக்கு ஒரு வித்தியாசமும் இல்ல அக்கா" என்றாள் மாணவி.

"நான் எதுவும் கேக்கல. நீயும் எதுவும் சொல்லல" என்று பல் டாக்டர் போனை வைத்தார்.

அதிகாரி வந்தார். ஒடிசலான பெண்மணி, தோளில் ஒரு கனத்த பை, முகத்தில் சிரிப்பா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு பாவம். எண்கள் மட்டும் எழுதிய நான்கு பாட்டில்களை மேஜையில் வைத்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஆரம்பிக்கலாமா?" என்றார். டிரைவர் சார் இஸ்திரி போட்ட சட்டையில், கையில் டிராப்பரோடு, மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்த டிராப்பரில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்த மாணவிக்குத் தெரியும். ஓடுவதற்கு வேண்டிய பெராக்சைடை நான்கு கிண்ணத்திலும் ஒரே அளவாக அவளே முன்கூட்டி விட்டிருந்தாள்.

முதல் பாட்டில். உருண்டை டிவியின் ஒரு மூலையில் கிளம்பி இன்னொரு மூலைக்குப் பறந்தது. "ஓடுது!" என்றார் டிரைவர் சார். இரண்டாவதும் ஓடியது. "பாருங்க மேடம், வளைஞ்சு வளைஞ்சு போறான், குறும்பு!" அதிகாரி தலையை ஆட்டினார்.

மூன்றாவது. உருண்டை நன்றாகத்தான் கிளம்பியது. பாதித் திரை போனது. பிறகு ஒரு தடுமாற்றம். குமிழ்கள் ஒன்றிரண்டாகக் குறைந்தன. திரைக்கு நட்டநடுவில், எல்லோரும் நன்றாகப் பார்க்கும்படி, நின்றேவிட்டது.

அதிகாரி பார்க்கிறார், மாணவி பார்க்கிறாள், இத்தனை வருஷமாக வளர்த்த பிள்ளை சபையில் வாயடைத்து நிற்கிறது. பெற்றவன் சும்மா இருப்பானா? டிரைவர் சாரின் கை தானாகப் போயிற்று. ஒரு சொட்டு.

அசையவில்லை.

"யோசிக்குது" என்றார் அதிகாரியிடம்.

இன்னொரு சொட்டு. உருண்டை குத்துக்கல்லாக நின்றது. தன் கையால் சொட்டு விட்டு ஓர் உருண்டை எழுந்திருக்காமல் போனது இதுதான் முதல் தடவை. திரையை உற்றுப் பார்த்தார். உருண்டை இருந்த இடத்திலேயே லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அப்பாடா!

"நடுங்குது பாருங்க மேடம்! உயிர் இருக்கு!"

"சார்," என்றது சுவரோரக் குரல், அழாத குறையாக. "அது தண்ணி குடுக்கற நடுக்கம் சார். பக்கத்துல இருக்கற தூசியும் அப்படித்தான் நடுங்குது."

"நீ சும்மா இரும்மா. இப்ப ஓடும் பாருங்க மேடம். இன்னொரு சொட்டு, இப்ப ஓடிடும்."

அதிகாரி அவரையும் பார்த்தார், திரையையும் பார்த்தார். பிறகு மூன்றாம் எண் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகித் திறந்தார்.

"காலையிலேருந்து தண்ணி குடிக்கல. ஓடிடும்னுதானே சொல்றீங்க? அப்ப இதைக் குடிக்கலாம், இல்லையா?"

பாட்டில் அவர் வாயை நோக்கிப் போயிற்று.

டிரைவர் சார் நாற்காலி பின்னால் சாயும்படி துள்ளி எழுந்தார். டிராப்பர் எங்கேயோ போய் விழுந்தது. "ஐயோ, வேண்டாம்மா! குடிச்சிடாதீங்க! நின்னுடுச்சும்மா, நின்னுடுச்சு!" என்று அலறியபடி இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடுங்கித் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பாதித் தண்ணீர் இஸ்திரி போட்ட சட்டையில் கொட்டியது.

'நின்னுடுச்சு' என்று அவர் அந்த லேப்பில் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அதிகாரி நிதானமாக மூடியை மேஜைமேல் வைத்தார். "குடிக்கறதுக்கு எனக்கென்ன பைத்தியமா? அதுல பூச்சிமருந்து கலந்ததே நான்தான். மத்த மூணும் எங்க ஆபீஸ் குழாய்த் தண்ணி. நாலாவதையும் பாத்துடுங்க, நான் கெளம்பணும். சட்டையை உடனே மாத்திடுங்க சார்."

நாலாவது ஓடியது. மாணவி சுவரோரமாகவே சரிந்து தரையில் உட்கார்ந்து, சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் முகத்தைப் பொத்திக்கொண்டாள். டிரைவர் சார், மாற்றிக்கொண்ட லேப் கோட்டின் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, அவள் பக்கத்தில் வந்து நின்றார். "கண்டக்டரம்மா, விசில் சத்தம் கேட்டுடுச்சு" என்றார்.

இதோடு அவர் திருந்திவிட்டார் என்று நினைத்தால் உங்களுக்கு முடுக்கர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. அடுத்த வாரமே மீட்டர் பார்க்க வந்தவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார். "நிக்குது பாருங்க! என்னமா நிக்குது! ஓடறது என்னங்க, எந்தக் கழுதையும் ஓடும். இப்படி நிக்கணும்!" மீட்டர்காரர் இதற்கு முன் வந்தபோது வேறு மாதிரி கேட்டதாக ஞாபகப்படுத்தப் பார்த்தார். விடவில்லை. இப்போது டிரைவர் சார் எல்லோரையும் நிற்கும்படி முடுக்கிக்கொண்டிருக்கிறார். மைத்துனரைத் தட்டி எழுப்பி, நன்றாக ஓய்வெடுக்கச் சொல்கிறார்.

அதிகாரி வந்துபோன அன்று மாலை வீட்டில், கதை முழுவதையும் மனைவியிடம் சொன்னார். "நானும் மூணாவது சொட்டு விடற வரைக்கும் போயிட்டேன். அசைஞ்சுதுங்கற? ம்ஹூம். எப்பவும் ஒரு சொட்டுலேயே எழுந்துடும். இன்னிக்கு என்ன ஆச்சுன்னே தெரியல."

"சாப்பிட வாங்க" என்றார் பல் டாக்டர்.

சாப்பிட்டுப் படம் போட்டார்கள். கதாநாயகன் மலையுச்சியில் ஏதோ சொல்ல வாயெடுத்த நேரத்தில் திரையில் வட்டம் சுற்றியது. கை தன்பாட்டுக்கு ரிமோட்டை எடுத்து அமுக்கியது. படம் ஓடியது. "பாத்தியா?" என்றார். வழக்கம்போல "ஆமாங்க" வந்தது. ஆனால் அன்று என்னமோ அவர் ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து இரண்டு தடவை தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"இது ஏன் இவ்வளவு லேசா இருக்கு?"

பல் டாக்டர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டிரைவர் சார் பின்பக்கத் தகட்டைத் தள்ளித் திறந்தார். உள்ளே இரண்டு ஸ்பிரிங்கும் கொஞ்சம் தூசியும் இருந்தன. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். பிறகு அவர் மனசு காலையில் கையில் பிடித்திருந்த அந்த டிராப்பரிடம் போயிற்று.

"ஆமா... அந்தப் பொண்ணு உனக்குப் போன் கீன் பண்ணிச்சா?"

"படத்தைப் பாருங்க. முடிவு வரப்போகுது."

அவருக்குக் கோபம் வரவேண்டும். வந்தும் பார்த்தது. ஆனால் நல்ல தண்ணீர் மூன்று, கெட்ட தண்ணீர் ஒன்று என்று சரியாகச் சொன்ன சந்தோஷம் உள்ளே உட்கார்ந்துகொண்டு அதற்கு இடம் விடவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தகட்டை ஒழுங்காக மூடினார். மலையுச்சியில் மறுபடியும் வட்டம் சுற்றியது. அவர் ரிமோட்டைப் பார்த்தார். சும்மா, ஒரே ஒரு தடவை அமுக்கினார்.

படம் ஓடியது.

நல்லது. இதைப் படித்துச் சிரித்த நீங்கள், நடுவில் எத்தனை தடவை இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கீழே தள்ளிப் பார்த்தீர்கள்? பரவாயில்லை, நான் யாரிடமும் சொல்லமாட்டேன். உங்களுக்கு யார் மேலும் சந்தேகம் வரவேண்டாம். உங்கள் வீட்டில் எல்லோரும் தங்கமானவர்கள், அலுவலகத்திலும் உங்கள் பேச்சுக்கு உடனே "சரிங்க சார்" என்றோ "ஆமாங்க மேடம்" என்றோ பதில் வருகிறது, நீங்கள் கை வைத்ததெல்லாம் நடக்கவும் நடக்கிறது. ரொம்ப சந்தோஷம். இன்று வீட்டுக்குப் போனதும், எப்போதும் உங்கள் கையிலேயே கொடுத்துவைத்திருக்கிறார்களே அந்த ரிமோட், அதை மட்டும் உள்ளங்கையில் வைத்து லேசாக ஒரு தடவை எடை பார்த்துவிடுங்கள்.